அசையும் பேனர் விளம்பரம்: கடைசி பிரேமிலிருந்து தொடங்குங்கள்

இணையப் பக்கங்களில் வரும் அசையும் பேனர் செய்ய முதன்முறை உட்காருபவர்கள் பெரும்பாலும் முதல் பிரேமிலேயே சிக்கிக்கொள்கிறார்கள். (ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டப்படும் படங்களில் ஒவ்வொன்றும் ஒரு பிரேம்.) எழுத்து எந்தப் பக்கத்திலிருந்து சறுக்கி வரும், பின்னணி எப்படி மின்னும் என்று பார்த்துப் பார்த்துச் செய்து முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். கடைசி பிரேமுக்கு வரும்போது எழுத இடமும் இருக்காது, ஃபைலின் எடையும் எல்லை தாண்டியிருக்கும்.

தலைகீழாகச் செய்து பாருங்கள். எல்லா அசைவும் முடிந்து பேனர் அப்படியே நிற்கும்போது திரையில் என்ன தெரிய வேண்டும்? அதை முதலில் வரையுங்கள். மற்ற பிரேம்களை அதிலிருந்து கழித்து எடுத்துக்கொள்ளலாம்.

இந்தக் கட்டுரையில் கிம்ப் என்ற பட வடிவமைப்பு மென்பொருளை வைத்து ஒரு பேனரை முழுதாகச் செய்யப் போகிறோம். கிம்ப் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். போட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு பகுதி பின்னால் இருக்கிறது. எடுத்துக்காட்டுக்கு இணையவழி ஓவிய வகுப்பு ஒன்றின் விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம்.

முதலில் அளவு

உங்கள் விருப்பப்படி அளவு வைக்க முடியாது. விளம்பரத் தளங்கள் குறிப்பிட்ட அளவுகளை மட்டுமே ஏற்கும், ஒரு பிக்சல் கூடினாலும் திருப்பி அனுப்பிவிடும். 1994 அக்டோபரில் ஹாட்வயர்டு இணைய இதழில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் பேனர் வெளியானது. அதன் பின் வெகுகாலம் 468×60 பிக்சலே வழக்கமான அளவாக இருந்தது. இன்று அதிகம் கேட்கப்படுபவை வேறு. கட்டுரைக்கு நடுவே வரும் 300×250, பக்கத்தின் தலைப்பகுதியில் கிடக்கும் 728×90, ஓரத்தில் நெடுக நிற்கும் 160×600, கைபேசியில் வரும் 320×50 ஆகிய நான்கையும் தெரிந்துகொண்டால் தொடக்கத்துக்குப் போதும்.

புதியவர்கள் 300×250-இல் தொடங்குவதே நல்லது. தமிழ் எழுத்துக்கு அகலமும் வேண்டும், உயரமும் வேண்டும். இந்த அளவில் இரண்டும் ஓரளவு கிடைக்கிறது. 320×50-இல் மூன்று நான்கு சொற்களுக்கு மேல் வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள்.

அளவோடு இன்னும் சில எல்லைகளும் உண்டு. கூகுள் விளம்பரங்களில் ஏற்றப்படும் படம் 150 கேபிக்குள் (கிலோபைட்) இருக்க வேண்டும். அசைவு 30 விநாடிக்குள் நின்றுவிட வேண்டும். திரும்பத் திரும்ப ஓடலாம், ஆனால் எல்லா ஓட்டமும் சேர்ந்துதான் அந்த 30 விநாடி. ஜிஃப் (அசையும் படத்தை ஒரே ஃபைலில் வைக்கும் வடிவம்) என்றால் விநாடிக்கு 5 பிரேமுக்கும் குறைவான வேகத்தில்தான் ஓட வேண்டும். பின்னணியில் ஒரு பகுதி வெள்ளையாகவோ கறுப்பாகவோ இருந்தாலும் மாறுபட்ட நிறத்தில் ஓரக்கோடு கட்டாயம். வேறு இடத்தில் விளம்பரம் கொடுப்பதானால் அவர்களுடைய விதிப்பக்கத்தை முதலில் திறந்து படித்துவிடுங்கள். வடிவமைப்பை முடித்துவிட்டு விதியைப் படிப்பது இரட்டை வேலை.

எது நிற்கிறது, எது மாறுகிறது

நம் ஓவிய வகுப்பு பேனரில் மூன்று வரிகள் சொல்ல நினைக்கிறோம். "கோடு கோணலாகப் போகிறதா?" முதல் வரி. "பென்சில் பிடிப்பதிலிருந்து கற்கலாம்" இரண்டாவது. "இணையவழி ஓவிய வகுப்பு" கடைசி. இவற்றுடன் வகுப்பின் பெயர், "சேர" என்ற பொத்தான், பின்னணி, ஓரக்கோடு.

இதில் மாற வேண்டியது அந்த மூன்று வரிகள் மட்டும். பெயர், பொத்தான், பின்னணி, ஓரம் எல்லாம் முதல் பிரேமிலிருந்து கடைசி வரை அதே இடத்தில், அதே நிறத்தில் நிற்கட்டும். பெயரை முதலில் காட்டாமல் மறைத்து வைத்துக் கடைசியில் அவிழ்த்துவிட வேண்டும் என்று பலருக்கு ஆசை வரும். வேண்டாம். பார்ப்பவர் எந்த விநாடியில் உங்கள் பேனரைத் தாண்டிப் போவார் என்று உங்களுக்குத் தெரியாது. மேலும் எல்லா இடத்திலும் ஜிஃப் அசையாது. அவுட்லுக் மின்னஞ்சல் மென்பொருளின் பழைய பதிப்புகள் பல முதல் பிரேமை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடும். அந்த முதல் பிரேமில் கேள்வி மட்டும் இருந்து, யார் கேட்கிறார்கள் என்பது இல்லாவிட்டால் விளம்பரமே வீண்.

இப்படி நிறுத்தி வைப்பதால் ஃபைல் எடையும் குறைகிறது. ஜிஃப் என்பது 1987-இல் காம்ப்யூசர்வ் நிறுவனம் கொண்டுவந்த வடிவம். ஒரு பிரேமில் அதிகபட்சம் 256 நிறங்கள். பிக்சல்களை வரிசை வரிசையாக, இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போய், திரும்பத் திரும்ப வரும் கோவைகளைச் சுருக்கி எழுதும். ஆகவே பரந்த ஒரே நிறப் பரப்பு மிக நன்றாகச் சுருங்கும், புகைப்படம் சுருங்கவே சுருங்காது. நிறச்சாயல் வேண்டுமென்றால் மேலிருந்து கீழாக மாறும்படி வையுங்கள். அப்போது ஒவ்வொரு வரிசையும் ஒரே நிறமாக இருக்கும், எடை அதிகம் ஏறாது. இடமிருந்து வலமாக மாறும் சாயல் ஒவ்வொரு வரிசையிலும் நிறங்களை அடுக்கிவிடும். அடுத்தடுத்த பிரேம்களுக்கு இடையே மாறாத பகுதியைத் திரும்ப எழுதாமல் விட்டுவிடவும் ஜிஃப்பில் வழி இருக்கிறது. மாறாத பகுதி எவ்வளவு அதிகமோ அவ்வளவு மிச்சம்.

கிம்ப்பில் கட்டுவது

"ஃபைல்" பட்டியலில் "நியூ" கொடுத்து 300, 250 என்று அளவு போடுங்கள். திறக்கும் வெற்றுப் படத்தை ஓரக்கோட்டுக்கு நினைத்த நிறத்தால், உதாரணமாகக் கரும்சாம்பலால், முழுவதும் நிரப்புங்கள். பிறகு ஒரு புதிய லேயர் (படத்தின் மேல் அடுக்கும் கண்ணாடித் தாள் போன்ற அடுக்கு) போட்டு, செவ்வகத் தேர்வுக் கருவியை எடுத்து, கருவி அமைப்புகளில் இடம் 1, 1 என்றும் அளவு 298, 248 என்றும் எண்ணாகவே தட்டச்சு செய்யுங்கள். அந்தத் தேர்வைப் பின்னணி நிறத்தால் நிரப்பினால் நான்கு பக்கமும் சரியாக ஒரு பிக்சல் ஓரம் கிடைத்துவிடும். கையால் கோடு இழுத்தால் ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மறைந்து போகும்.

பொத்தானுக்குத் தனி லேயர். அதே செவ்வகத் தேர்வுக் கருவியில் மூலைகளை வளைக்கும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்தி நிரப்புங்கள். பொத்தானின் நிறம் பேனரில் வேறெங்கும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எழுத்து. யூனிகோட் எழுத்துரு மட்டும் பயன்படுத்துங்கள். தடித்த, இடைவெளி திறந்த எழுத்துரு சிறிய அளவில் தாக்குப்பிடிக்கும். மெல்லிய அலங்கார எழுத்துரு தாங்காது. தமிழில் முதலில் பலியாவது புள்ளி. எழுத்தைச் சிறிதாக்கி, நிறங்களையும் குறைத்த பிறகு "க்" என்பது "க" ஆகத் தெரியும். அதற்கு அடுத்தது "கி", "கீ" வேறுபாடு. எழுத்தின் மேல் வளையும் விசிறியின் முனையில் இருக்கும் சுழி ஒரு பிக்சலுக்குள் ஒடுங்கிவிட்டால் இரண்டும் ஒன்றுதான். ஆகவே வரிகளை எழுதியதும் திரையை 100 சதவீதத்தில் வைத்து, கொஞ்சம் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து பாருங்கள். 400 சதவீதப் பெரிதாக்கத்தில் எல்லா எழுத்தும் அழகாகத்தான் இருக்கும்.

வகுப்பின் பெயருக்கும் பொத்தானின் "சேர" என்ற சொல்லுக்கும் தனித்தனி எழுத்து லேயர். மூன்று வரிகளுக்கும் மூன்று எழுத்து லேயர். முதலில் கடைசி வரியை, அதாவது "இணையவழி ஓவிய வகுப்பு" என்பதை வையுங்கள். மற்ற எல்லாவற்றோடும் அது ஒத்துப்போகிறதா, மூச்சு விட இடம் இருக்கிறதா என்று பார்த்துத் திருப்தியான பிறகு அதை மறைத்துவிட்டு மற்ற இரண்டையும் அதே இடத்தில், அதே அளவில் எழுதுங்கள். நீளமான வரி அடங்கவில்லை என்றால் எழுத்தைச் சிறிதாக்காதீர்கள், வரியைச் சுருக்குங்கள். "பென்சில் பிடிப்பதிலிருந்து கற்கலாம்" அடங்காவிட்டால் "அடிப்படையிலிருந்து கற்கலாம்" போதும்.

இப்போது கிம்ப்பின் சொந்த வடிவத்தில், எக்ஸ்.சி.எஃப். ஃபைலாகச் சேமித்துவிடுங்கள். இதுதான் மூலக் கோப்பு. இனி செய்வதை எல்லாம் இதன் நகலில் செய்ய வேண்டும்.

லேயரை பிரேமாக்குவது

கிம்ப்பில் ஒவ்வொரு லேயரும் ஒரு பிரேம். அடியில் இருப்பது முதல் பிரேம், மேலே போகப் போக அடுத்தடுத்த பிரேம். இதுதான் புதியவர்களைக் குழப்பும் இடம். ஏனென்றால் நம்மிடம் இப்போது இருப்பவை பிரேம்கள் இல்லை. ஓரம், பின்னணி, பொத்தான், பெயர், வரிகள் என்று தனித்தனித் துண்டுகள். இப்படியே ஏற்றுமதி செய்தால் முதலில் ஓரம், பிறகு பின்னணி, பிறகு பொத்தான் என்று வரிசையாக வந்து விழும்.

துண்டுகளைச் சேர்த்து முழு பிரேமாக்க இப்படிச் செய்யுங்கள்:

1. லேயர் பட்டியலில் ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் இருக்கும் கண் குறி அதைக் காட்டவும் மறைக்கவும் உதவும். நிற்கும் லேயர்கள் எல்லாவற்றின் கண் குறியையும் திறந்து வைத்து, மூன்று வரிகளில் முதல் வரியை மட்டும் காட்டுங்கள்.

2. லேயர் பட்டியலில் மேலே இருக்கும் லேயரைச் சொடுக்கிவிட்டு, "லேயர்" மெனுவில் "நியூ ஃப்ரம் விசிபிள்" கொடுங்கள். திரையில் தெரிவது அப்படியே ஒரே லேயராக மேலே உருவாகும்.

3. அந்தப் புதிய லேயரின் பெயரை மாற்றுங்கள். "ஒன்று" என்று எழுதி ஓர் இடைவெளி விட்டு, அடைப்புக்குறிக்குள் 2000 என்ற எண்ணையும், அதை ஒட்டியே எம், எஸ் என்ற இரண்டு சிறிய ஆங்கில எழுத்துகளையும் தட்டச்சு செய்யுங்கள். இந்த பிரேம் 2000 மில்லி விநாடி, அதாவது 2 விநாடி நிற்கும் என்பதை கிம்ப் பெயரிலிருந்தே படித்துக்கொள்ளும்.

4. புதிய லேயரின் கண்ணை மூடுங்கள். இதை மறந்தால் அடுத்த பிரேமும் முதல் வரியையே காட்டும்.

5. காட்டிய வரியை மறைத்து, அடுத்த வரியைத் திறந்து இதே வேலையைத் திரும்பச் செய்யுங்கள்.

மூன்றும் தயாரானதும் நகலிலிருந்து துண்டு லேயர்களை எல்லாம் அழித்துவிட்டு, மூன்று பிரேம்களின் கண்ணையும் திறந்து வையுங்கள். பட்டியலில் அடியில் ஒன்று, நடுவில் இரண்டு, மேலே மூன்று என்று இருக்க வேண்டும்.

எந்த பிரேமுக்கு எவ்வளவு நேரம்? வரியை நிதானமாக ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள், அதற்கு ஆன நேரத்தோடு ஒரு விநாடி சேர்த்துக்கொள்ளுங்கள். வரியை எழுதியவருக்கு அது மனப்பாடம். அதனால் எழுதியவர் வைக்கும் நேரம் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். நம் பேனருக்கு 2 விநாடி, இரண்டரை விநாடி, கடைசிக்கு 4 விநாடி வைக்கலாம். ஒரு சுற்றுக்கு எட்டரை விநாடி. மூன்று சுற்று ஓடினால் இருபத்தைந்தரை. 30-க்குள் அடங்கிவிட்டது.

ஒரு வரி மங்கி மறுவரி மெல்ல எழுவது போலச் செய்ய வேண்டாமா என்று கேட்பீர்கள். விநாடிக்கு 5 பிரேமுக்குக் குறைவு என்ற விதிப்படி ஒரு பிரேம் 200 மில்லி விநாடிக்கு மேல் நிற்க வேண்டும். அந்த வேகத்தில் மங்கல் வழுவழுப்பாக வராது, விட்டு விட்டுத் தடுக்கும். எடையும் ஏறும். சட்டென்று மாறுவதே சுத்தமாக இருக்கும். பளிச் பளிச் என்று மின்ன வைப்பதை அறவே தவிருங்கள். விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் எதுவும் சிலருக்கு வலிப்பைத் தூண்டக்கூடும் என்பதால் இணைய அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகளே அதைத் தடுக்கின்றன.

ஓட்டிப் பார்த்து, இளைக்க வைத்து, ஏற்றுமதி

"ஃபில்டர்ஸ்" மெனுவில் "அனிமேஷன்", அதற்குள் "பிளேபேக்". ஒரு சிறு சாளரத்தில் பேனர் ஓடும். வரிசையும் நேரமும் சரியா என்று மட்டும் இப்போது பாருங்கள்.

அடுத்து நிறக் குறைப்பு. "இமேஜ்" மெனுவில் "மோட்", "இண்டெக்ஸ்டு". உகந்த நிறத்தட்டை உருவாக்கும் தேர்வை வைத்து, நிறங்களின் எண்ணிக்கையை 64 என்று போடுங்கள். தட்டையான வடிவமைப்புக்கு 32 கூடப் போதும். அதே பெட்டியில் "டித்தரிங்" என்று ஒன்று இருக்கும். இல்லாத நிறத்தை இருக்கும் நிறங்களின் புள்ளிகளைத் தூவிக் காட்டும் உத்தி அது. "நன்" என்று வைத்துவிடுங்கள். தூவிய புள்ளிகள் ஒரே நிறப் பரப்பைக் கலைத்துவிடும். பிரேமுக்கு பிரேம் அவை இடம் மாறினால், மாறாத பின்னணியைக்கூட மாறியதாக மென்பொருள் எண்ணிக்கொள்ளும்.

இப்போது "ஃபில்டர்ஸ்", "அனிமேஷன்", "ஆப்டிமைஸ் ஃபார் ஜிஃப்". புதிய படம் ஒன்று திறக்கும். அதன் லேயர்களைப் பாருங்கள். முதல் லேயர் முழுதாக இருக்கும். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் எழுத்து இருக்கும் பட்டை மட்டும் மிஞ்சியிருக்கும், பொத்தானும் பெயரும் காணாமல் போயிருக்கும். பயப்பட வேண்டாம், அவை முதல் பிரேமிலிருந்தே தெரிந்துகொண்டிருக்கும். லேயர் பெயர்களில் "கம்பைன்" என்ற ஆங்கிலச் சொல் அடைப்புக்குறிக்குள் சேர்ந்திருக்கும். முந்தைய பிரேமை அழிக்காமல் அதன் மேலேயே இதை வை என்று பொருள். அதில் கை வைக்காதீர்கள்.

இந்தப் புதிய படத்தை "எக்ஸ்போர்ட் ஆஸ்" மூலம் ஏற்றுமதி செய்யுங்கள். பெயரின் முடிவில் புள்ளி வைத்து ஜிஃப்புக்குரிய மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தால் கிம்ப் புரிந்துகொள்ளும். வரும் பெட்டியில் "ஆஸ் அனிமேஷன்" என்பதில் டிக் வேண்டும். இல்லையென்றால் அசையாத ஒற்றைப் படம்தான் கிடைக்கும். பிரேம் நேரத்துக்கு அங்கே 100 மில்லி விநாடி என்று எழுதியிருக்கும். அது நேரம் குறிப்பிடாத பிரேம்களுக்கு மட்டும். அதற்குக் கீழே, அதே நேரத்தை எல்லா பிரேமுக்கும் வை என்ற ஒரு தேர்வு உண்டு. அதை டிக் செய்தால் நாம் பெயரில் எழுதிய கணக்கெல்லாம் போய், பேனர் கண்மண் தெரியாமல் ஓடும்.

"லூப் ஃபாரெவர்" என்பதையும் விதியை வைத்து முடிவு செய்யுங்கள். 30 விநாடியில் நிற்க வேண்டிய விளம்பரத்துக்கு அது ஆகாது. கிம்ப் 2.10 பதிப்பில் முடிவில்லாமல் ஓடுவது அல்லது ஒரே முறை ஓடுவது, இரண்டுதான் வழி. மூன்று சுற்று வேண்டுமென்றால் ஜிஃப்சிக்கிள் போன்ற கருவியில் சுற்று எண்ணிக்கையை மாற்றிக்கொள்ளலாம். சில மென்பொருள்கள் மொத்த ஓட்டத்தை எண்ணுகின்றன, சில முதல் ஓட்டத்துக்குப் பின் வருவதை மட்டும் எண்ணுகின்றன. எனவே எண்ணைப் போட்டதோடு நம்பிவிடாமல், உலாவியில் திறந்து எத்தனை சுற்று ஓடுகிறது என்று கடிகாரத்தோடு பாருங்கள்.

இப்படித் தட்டையாகச் செய்த பேனருக்கு 150 கேபி எல்லை ஒரு பொருட்டே இல்லை. எடை மிஞ்சுகிறது என்றால் எங்கோ ஒரு புகைப்படமோ, குறுக்குச் சாயலோ, மென்மையான நிழலோ ஒளிந்திருக்கிறது. நிறங்களைக் குறைத்துக்கொண்டே போவதைவிட அதைத் தேடி எடுப்பதுதான் வேலைக்கு ஆகும். புகைப்படம் இருந்தே தீர வேண்டும் என்றால் அது எல்லா பிரேமிலும் அசையாமல் நிற்கட்டும். ஒருமுறை மட்டும் எழுதப்பட்டால் சமாளிக்கலாம்.

போட்டோஷாப்பில்

இங்கே கணக்கு வேறு. லேயர் வேறு, பிரேம் வேறு. எந்தெந்த லேயர் தெரிய வேண்டும் என்பதை ஒவ்வொரு பிரேமும் தனித்தனியே நினைவில் வைத்துக்கொள்ளும். ஆகவே துண்டுகளை ஒட்டும் வேலையே இல்லை. "விண்டோ" மெனுவில் "டைம்லைன்" திறந்து, "கிரியேட் ஃபிரேம் அனிமேஷன்" தேர்ந்து சொடுக்குங்கள். முதல் பிரேமில் முதல் வரியைக் காட்டுங்கள், பிரேமை நகலெடுங்கள், அடுத்த வரியைக் காட்டுங்கள். பிரேமின் அடியில் இருக்கும் நேரத்தைச் சொடுக்கி மாற்றலாம். லேயர் பலகையில் "ப்ராபகேட் ஃபிரேம் 1" டிக் ஆகியிருந்தால் முதல் பிரேமில் எழுத்தை நகர்த்தும்போது எல்லா பிரேமிலும் நகரும். சில நேரம் அதுதான் வேண்டும், சில நேரம் தலைவலி.

தமிழ் எழுதும்போது கொம்பும் காலும் இடம் மாறிக் கலைந்து தெரிந்தால் எழுத்துருவைக் குறை சொல்லாதீர்கள். "பாராகிராஃப்" பலகையின் மெனுவில் "வேர்ல்ட்-ரெடி லேஅவுட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய பதிப்புகளில் அதற்கு முன் "ப்ரிஃபரன்சஸ்", "டைப்" பகுதியில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை வைக்க வேண்டியிருக்கும்.

முடிந்ததும் "ஃபைல்", "எக்ஸ்போர்ட்", "சேவ் ஃபார் வெப்". நிறங்கள், டித்தர், சுற்று எண்ணிக்கை எல்லாம் அந்த ஒரே சாளரத்தில். அடியில் இடது மூலையில் ஃபைலின் எடை தெரியும். ஒவ்வொன்றாக மாற்றி, எடை எப்படி நகர்கிறது என்று அங்கேயே பார்க்கலாம். இந்த ஒரு வசதியில் போட்டோஷாப் கிம்ப்பை மிஞ்சிவிடுகிறது.

மற்ற அளவுகள்

300×250 முடிந்ததும் அதையே இழுத்து 728×90 ஆக்கத் தோன்றும். இழுத்தால் எழுத்து நசுங்கும், ஓரக்கோடு மங்கும். மூலக் கோப்பிலிருந்து துண்டுகளை எடுத்துப் புதிய அளவில் மறுபடி அடுக்குங்கள். 728×90-இல் பெயர் இடது ஓரம், வரி நடுவே, பொத்தான் வலது ஓரம் என்று வைத்தால் கண் தடையின்றி ஓடும். 160×600-இல் வரியை இரண்டு மூன்றாக உடைத்து ஒன்றின் கீழ் ஒன்றாக எழுத வேண்டியிருக்கும். "இணையவழி" போன்ற சொல்லை நடுவில் வெட்டாமல் எழுத்தின் அளவைச் சொல்லின் நீளத்துக்கு ஏற்ப முடிவு செய்யுங்கள். 320×50-க்கு மூன்று பிரேம் தேவையா என்றே யோசிக்கலாம். வகுப்பின் பெயர் அப்படியே நிற்க, கேள்வியும் கடைசி வரியும் இரண்டு பிரேமாக மாறி மாறி வந்தால் அங்கே போதும்.

ஒவ்வொரு ஃபைலின் பெயரிலும் அதன் அளவைச் சேர்த்துச் சேமியுங்கள். ஏற்றும் நேரத்தில் நான்கு ஜிஃப்களும் சின்னப் படங்களாக வரிசையில் நிற்கும்போது எது எந்த இடத்துக்கு என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.